வெள்ளைப் பக்கம்

கஜந்தினியின் குரல் இப்போது ஓரிடத்தில்தான் இருந்தது. லதீசனின் தலைக்குள்.

மற்ற இடங்களில் எல்லாம் அது இல்லாமற் போயிருந்தது. அவளுடைய போனின் இரகசிய எண் அவனுக்குத் தெரியாது. டெங்கு அவளை ஆறே நாளில் கொண்டுபோன பிறகு, பிறந்த திகதி, கல்யாணத் திகதி, வீட்டு இலக்கம் என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தான். பத்தாவது தடவையில் போன் தன்னைத் தானே துடைத்துக்கொண்டது. கடையில் வாங்கிய அன்றைப்போல அவனுக்கு வணக்கம் சொன்னது. அவனுடைய போன், அவள் போன மூன்றாம் மாதம், படகிலிருந்து கைதவறி விழுந்தது. அந்த இடத்தின் ஆழம் அவனுக்குத் தெரியும். அவனே அளந்தது. முப்பத்தொரு மீற்றர்.

கல்யாண வீடியோ இருந்தது. மூன்று மணித்தியாலம். அதில் அவள் சிரிக்கிறாள், யாரையோ கூப்பிடுகிறாள், அவன் காதுக்குள் ஏதோ சொல்கிறாள். வீடியோக்காரர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சினிமாப் பாட்டுப் போட்டிருந்தார். வாய் மட்டும் அசைந்தது.

ஆகவே தலைக்குள் இருந்ததை அவன் பத்திரமாக வைத்திருந்தான். பகலில் ஒரு தடவை, அவள் வாசித்துக் காட்டிய புத்தகத்தைத் திறந்து, அந்தக் குரலைக் கேட்பான். அவ்வளவுதான். கூடக் கேட்டால் தேய்ந்துவிடும் என்று ஒரு பயம்.

லதீசன் பல்கலைக்கழகத்தில் நில அளவை படித்தவன். திருகோணமலைத் துறைமுகத்தில் கடலடியை அளந்து வரைபடம் போடும் வேலை. பாலையூற்றில் பாதி வீடு வாடகைக்கு. கஜந்தினி ஆங்கில ஆசிரியை. ஜப்பானியச் சித்திரக்கதைகளில், மங்கா என்கிறார்களே அவற்றில், அவளுக்குப் பைத்தியம். அவற்றிலும் ஒன்றில் பெரும் பைத்தியம். ஏழு பாகம். தமிழில் அவள் அதற்கு வைத்த பெயர் ‘ஈரப்படி’.

கதை இதுதான். ஒரு சின்னத் துறைமுக ஊர். வெளிச்சவீட்டுக்குக் கீழே கடலுக்குள் இறங்கும் கற்படிகள். கடல் வற்றும் நேரத்தில் ஒரு பெண் கடலிலிருந்து அந்தப் படிகளில் ஏறி வருகிறாள். எப்போதும் முதுகு மட்டுந்தான் தெரியும். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு படி கூடுதலாக ஏறுகிறாள். விடிந்ததும் ஊர்க்காரர் வந்து ஈரமாயிருக்கும் படிகளை எண்ணுகிறார்கள். ஏழாம் பாகத்தின் முடிவுக்குக் கிட்ட அவள் திரும்பத் தொடங்குகிறாள். தோள் திரும்புகிறது. காது தெரிகிறது. தாளைப் புரட்டினால், எதிரெதிரே இரண்டு பக்கமும் வெள்ளை. கோடில்லை, எழுத்தில்லை. அதற்கடுத்த பக்கத்தில் வெளிச்சவீட்டுக்காரன் ஓடிக்கொண்டிருக்கிறான்.

முதல்முதல் அந்தப் பாகத்தைக் கையில் எடுத்தபோது லதீசன் தமிழ்ப் புத்தகம் திறப்பது போலத் திறந்தான். மங்கா வலப்பக்கமிருந்து தொடங்குவது. அதனால் கடைசிப் பக்கங்கள் அவனுக்கு முதலில் வந்தன.

“இது அச்சுப்பிழை. ரெண்டு பக்கம் விழேல்ல. திருப்பிக் குடுத்துப் போட்டு வேற வாங்கும்” என்றான்.

கஜந்தினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “என்ர சிநேகிதி சுஹைரா சின்னனில குர்ஆன் ஓதப் பழகினவள், அதுவும் வலப்பக்கத்தாலதான். முதலாம் பாகத்தைக் கையில குடுத்த உடன சரியாத் திறந்தாள். நீங்கள் கம்பஸில நாலு வருசம் என்னத்தப் படிச்சனீங்கள்?”

அதற்குப் பிறகு அவளே வாசித்துக் காட்டினாள். ஆங்கிலத்தைக் கண்ணால் பார்த்து வாயால் தமிழாக்குவாள். ஜப்பான் மீனவன் சல்லிக் கடற்கரை மீனவன் மாதிரி ஏசுவான். வெளிச்சவீட்டுக்காரன் அவளுடைய பாடசாலை அதிபர் மாதிரித் தொண்டையைச் செருமுவான். எல்லாருக்கும் அவள்தான் குரல்.

*

வெள்ளிக்கிழமை சுஹைரா போன் எடுத்தாள். கல்வியியற் கல்லூரியில் கஜந்தினியோடு ஒரே அறையில் இருந்தவள். கிண்ணியாவில் கணக்கு ஆசிரியை.

“அண்ணன், ‘ஈரப்படி’ படமா வந்திரிக்கி. ஆக்கள் நடிச்ச படம். தமிழ்லயும் பேச்சுப் போட்டிரிக்காங்க.”

லதீசன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“அவ மூணு வருசம் காத்திருந்த படம். சேர்ந்து பார்த்து, சேர்ந்து ஏசுறண்டு எனக்கும் அவவுக்கும் ஒப்பந்தம். இப்ப நான் தனியவா ஏசுற?”

ஞாயிறு மத்தியானம் அவன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனான். கொட்டியாரக் குடாவில் காற்றில்லை. சுஹைராவின் கணவன் நௌபர் வாசலில் நின்றான். படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் வியாபாரம் அவனுக்கு.

“வா மச்சான். பேய்ப் படமாம். உனக்குப் பயமெண்டா எண்ட கையைப் பிடி. எனக்குப் பயமெண்டா நான் சுஹைராட கையைப் பிடிப்பன்.”

“அவவுக்குப் பயம் வந்தா?”

“அவவுக்கா? அவவப் பார்த்துத்தான் பேய் பயப்படோணும்.”

ரிவியில் படம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் சுஹைரா ஏசத் தொடங்கிவிட்டாள். புத்தகத்தில் வெளிச்சவீட்டுக்காரனின் மகனுக்குப் பதினைந்து வயது. படத்தில் அந்தப் பாடசாலைச் சட்டைக்குள் முப்பது வயது ஆள் ஒருவன் இருந்தான். தலையில் நீல நிறத்தில் முடி.

“என்ன இது, கூட்டுற தும்புத்தடிக்கு நீலம் பூசிக் கவிழ்த்த மாதிரி?” என்றான் நௌபர்.

“புத்தகத்திலயும் நீல முடிதான்” என்றாள் சுஹைரா. “கோட்டில வரைஞ்சா அது ஒரு பொடியன். உண்மையான மனிசண்ட தலையில வெச்சா தும்புத்தடி. அவ இதைத்தான் சொன்னா. வரைஞ்ச கண்ணை அப்பிடியே மனிசனுக்கு வெச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகோணுமெண்டு.”

கடல் வந்தது. கணினியில் செய்த கடல். நௌபர் கதிரையில் நிமிர்ந்தான்.

“காத்து அங்கால இருந்து அடிக்குது, அலை இஞ்சால இருந்து வருது. இது கடலில்ல மச்சான். ஜெலி.”

லதீசனும் சிரித்தான். கஜந்தினி போன பதினொரு மாதத்தில் அவன் சிரித்ததைத் தானே கவனித்தது அன்றுதான். ஏழு பாகத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் திணித்திருந்தார்கள். ஈரமான படிகளை எண்ணுகிற காலைகள் ஒன்றுகூட இல்லை. அதற்கு நேரமில்லை. அந்தப் பெண் படியேறவும் இல்லை. பறந்து வந்தாள். அவள் யார், ஏன் செத்தாள், யார் தள்ளிவிட்டது என்று ஒரு கிழவர் வந்து நீளமாக விளக்கம் சொன்னார். புத்தகத்தில் அப்படியொரு கிழவரே கிடையாது. எங்கே பயப்பட வேண்டுமோ அங்கெல்லாம் முன்கூட்டியே வயலின் கீச்சிட்டது.

பிறகு அவள் திரும்பத் தொடங்கினாள். தோள். காது.

சுஹைரா ஏசுவதை நிறுத்தினாள். லதீசன் கதிரையின் கையைப் பிடித்தான். வெள்ளை வரும், அது ஒன்றையாவது விட்டிருப்பார்கள் என்று நினைத்தான்.

முகம் வந்தது. அழகான நடிகையின் முகம். கன்னத்தில் பச்சை நரம்புகள், கண்ணில் கறுப்பு வில்லை. திரை முழுவதும் அந்த முகம். அது வாயைத் திறந்து பேசியது. சென்னைத் தமிழில்.

“இவ்ளோ நேரம் எங்கடா போயிருந்தே?”

நௌபர் விழுந்து விழுந்து சிரித்தான். “மீன் வாங்க விட்ட ஆளை ஏசுற மாதிரியெல்லோ!”

சுஹைரா சிரிக்கவில்லை. “அந்தப் பக்கத்தையே சாகடிச்சிட்டாங்க” என்றாள்.

லதீசனுக்குப் படம் பயமாக இருக்கவில்லை. தேத்தண்ணி குடித்தான். சொல்லிக்கொண்டு புறப்பட்டான். பாலத்தின் நடுவில்தான் பயம் வந்தது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அன்றைக்கு அவன் புத்தகம் திறந்திருக்கவில்லை. கைகால் கழுவிக்கொண்டு அலுமாரியிலிருந்து ஏழாம் பாகத்தை எடுத்தான். அவள் வாசிக்கிற இடத்தில், கட்டிலின் கால்மாட்டில், உட்கார்ந்தான். வெள்ளைப் பக்கத்தைத் திறந்தான்.

அவள் அந்தப் பக்கத்தை எப்படி வாசித்தாள் என்பது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சம்மணமிட்டு இருந்தாள். மஞ்சள் கவுன். முன்னால் சாய்ந்து, அவன் முகத்துக்கு நேரே வந்து, மெதுவாகச் சொன்னாள்: “இவ்வளவு நேரமும் எங்க போனனீங்கள்?” அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இப்போதும் அந்த வசனம் வந்தது. அவளுடைய பேச்சில், அவளுடைய சொற்களில்.

குரல் மட்டும் நடிகையுடையது.

லதீசன் புத்தகத்தை மூடினான். குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து திறந்தான். அதே குரல். வேறு பக்கத்தைத் திறந்தான், மீனவன் ஏசுகிற இடம். அங்கே கஜந்தினி இருந்தாள், ஆனால் தூரத்தில், பக்கத்து வீட்டு ரிவி மாதிரி. இன்னொரு தடவை கேட்டான். இப்போது அதுவும் நடிகை.

புத்தகத்தை விடுவோம் என்று எண்ணினான். புத்தகத்தில் இல்லாத ஏதாவது. காலையில் வேலைக்குப் போகும்போது அவள் சொல்வது. ‘இஞ்சேருங்கோ, சாப்பாட்டுப் பெட்டி.’ அதைக் கேட்க முயன்றான்.

நடிகை சொன்னாள், இஞ்சேருங்கோ, சாப்பாட்டுப் பெட்டி.

வெளியே, ஊருக்குள் திரியும் மான்களில் இரண்டு வேலியோரம் இலை கடித்துக்கொண்டு நின்றன. லதீசன் வாசற்படியில் போய் நின்று அவற்றையே பார்த்தான். எதையும் நினைக்கக் கூடாது. நினைக்கிற ஒவ்வொன்றையும் நடிகை எடுத்துவிடுவாள். தன் சொந்தத் தலைக்குள் கால் வைக்கப் பயந்தவனாக, பட்டப்பகலில், மான்களை எண்ணிக்கொண்டு நின்றான். இரண்டுதான் இருந்தன. திரும்பத் திரும்ப எண்ணினான்.

*

திங்களும் செவ்வாயும் அவன் கடலில் இருந்தான். வேலை செய்தான். படகின் அடியிலிருந்து கருவி ஒலியை அனுப்பும், அது கடலடியில் பட்டுத் திரும்பும், ஆழம் திரையில் எண்ணாக விழும். இயந்திரச் சத்தத்தில் யாருடைய குரலும் கேட்காது. இயந்திரம் நின்றால் பயம். படகோட்டியோடு ஏதாவது கதைத்துக்கொண்டே இருந்தான். அந்த மனிதருக்கே அதிசயம்.

புதன்கிழமை கந்தோரில் பழைய இறங்குதுறைப் பகுதியின் வரைபடத்தை முடித்துக் கொடுத்தான். மேலதிகாரி கோணேஸ்வரன் அதை மேசையில் விரித்துக் கண்ணாடியை மூக்கில் இறக்கினார். முப்பது வருடம் இந்த ஒரு துறைமுகத்தையே அளந்தவர்.

“தம்பி, இந்தப் பதினெட்டு எங்கயால வந்தது?”

இறங்குதுறைக்குக் கிழக்கே ஒரு மூலை. 18.2 என்று எழுதியிருந்தது.

“அளந்தது சேர். திங்கக்கிழமை.”

“அங்க பழைய இரும்பு கிடக்கு. படகு போக ஏலாது. திங்கக்கிழமை நீங்கள் அந்த மூலைக்குப் போகவே இல்லை.”

“போனனான் சேர்.” அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. படகு ஆடியது. எண் பச்சையாக விழுந்தது. பதினெட்டுத் தசம் இரண்டு. “நான் பார்த்தனான்.”

கோணேஸ்வரன் கணினியைத் திறந்து, படகு போன பாதையைக் காட்டினார். கோடு இறங்குதுறைக்கு வந்தது. மூலைக்கு முன்னால் திரும்பிப் போயிருந்தது.

லதீசன் அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்து பார்த்தான்.

“அளக்காத இடத்தை வெள்ளையா விடச் சொல்லித்தானே முதல் நாளே சொல்லித் தந்தனாங்கள்” என்றார் அவர், கோபமில்லாமல். “வெள்ளையைக் கண்டா கப்பல்காரன் பயந்து ஒதுங்கிப் போவான். பதினெட்டைக் கண்டா நம்பி உள்ளுக்கு வருவான். பிறகு இரும்பில ஏறுவான்.” கண்ணாடியைக் கழற்றினார். “வீட்டில நித்திரை கொள்ளுறீரா, இல்லையா?”

லதீசன் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். வேலை போய்விடும் என்று அவன் பயப்படவில்லை. படகு ஆடியது அவனுக்கு ஞாபகம் இருந்தது. பச்சை எண் ஞாபகம் இருந்தது. அப்படியொன்று நடக்கவேயில்லை.

அப்படியானால் மஞ்சள் கவுன்?

வரைபடத்தில் அந்த எண்ணை அழித்தான். சுஹைராவுக்குப் போன் எடுத்தான்.

*

பாடசாலை விட்டு அவள் வீட்டுக்கு வந்த கையோடு அவனும் போய்ச் சேர்ந்தான். நௌபர் ஐஸ் லொறியோடு மூதூர்ப் பக்கம் போயிருந்தான். அவளுடைய மாமி குசினியில் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது. சுஹைரா முன் விறாந்தையில் கதிரை போட்டாள்.

“இரிங்க அண்ணன். முகம் என்ன இப்பிடி?”

“ஒண்டு கேக்கோணும். வெள்ளைப் பக்கத்தில கஜி உங்களுக்கு என்ன சொன்னவ?”

“என்ன சொன்னவ எண்டா?”

“அந்தப் பொம்பிளை திரும்பின உடன. அவவுக்கு என்ன வசனம் சொன்னவ? எனக்கு ஒரு வசனம் சொன்னவ. படத்தில வந்த அதே வசனம்.”

சுஹைரா அவனை உற்றுப் பார்த்தாள். “அதில எழுத்தே இல்லியே அண்ணன்.”

“தெரியும். அவ தன்ர பாட்டில சொன்னவ.”

சுஹைரா முந்தானையின் நுனியை விரலில் சுற்றினாள். பிறகு அவிழ்த்தாள்.

“எனக்கிட்ட ஒண்டிரிக்கி” என்றாள். “கொரோனாவில ஊரை மூடின நேரம். பாலத்தால வர விடாங்க. ஏழாம் பாகம் அவக்கிட்ட மட்டுந்தான். கடைசியை வாசிச்சு, பேசிப் பதிஞ்சு அனுப்பினா. போன் மாத்தக்குள்ளயும் அழிக்காம வெச்சிரிக்கன்.”

லதீசனுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. ஏறியதும் எழுந்து நின்றுவிட்டான்.

“அவட குரலா?”

“ஓம்.”

“பதினொரு மாசமா வச்சிருக்கிறீங்களா?”

“ஏசாதீங்க அண்ணன். அவ மௌத்தாகி ஒரு கிழமையில நான் கேட்டன். மூணு நாள் சோறு எறங்கல்ல. உங்களுக்குத் தரப் பயம். நீங்களும் கேக்கல்ல.” போனை எடுத்து மடியில் வைத்தாள். “இப்ப போடவா?”

இப்போது வந்த பயத்துக்கு முன்னால் இதுவரை இருந்த பயம் ஒன்றுமே இல்லை. போனில் வருவது அவன் தலைக்குள் இருந்த குரலாக இல்லாவிட்டால்? பதினொரு மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அவளே இல்லை என்று தெரிந்துவிட்டால்? நடிகை வந்து மூன்று நாள். அதற்கு முன்னால் இருந்தது யார்? கேட்காவிட்டால் ஒருபோதும் தெரியாது. தெரியாமலே இருந்துவிடலாம். மோட்டார் சைக்கிள் வாசலில்தான் நின்றது.

“போடுங்கோ” என்றான்.

முதலில் காற்றாடிச் சத்தம். பிறகு ஒரு பெண் பேசினாள்.

யார் இது என்று நினைத்தான்.

மெல்லிய குரல். வேகமாகப் பேசுகிற, தடிமன் பிடித்த குரல். அவன் காத்துவந்த குரல் ஆறுதலானது, கனமானது. இது யாரோ ஒரு ஆசிரியை, அவசரமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. தொலைந்தது என்று நினைத்தான். முழுவதும் தொலைந்தது.

“…சுஹைரா, கவனமாக் கேள். இப்ப தோள் திரும்புது. ஒரு சின்னக் கட்டத்தில தோள் மட்டும். பக்கத்தில எழுத்தில்லை. இனிக் காது…”

‘ச்’ என்று ஒரு சத்தம். தாளைப் புரட்ட முன்னம் அவள் விரலை நாக்கில் தொடுகிற சத்தம். எத்தனை தடவை ஏசியிருப்பான், புத்தகம் பழுதாகும் என்று.

அவள்தான்.

கதிரையில் உட்கார்ந்தான். தாள் புரண்டது. அந்தப் பக்கம். இனி வசனம் வரவேண்டும்.

தூரத்தில், கதவுக்கு அப்பாலிருந்து, ஓர் ஆண்குரல் கேட்டது. “யாரோட கதைக்கிறீர்? தேத்தண்ணி போடவா?” அது அவனுடைய குரல்.

“ஷ்ஷ்! கதையாதேங்கோ” என்றாள் கஜந்தினி. “வெள்ளைப் பக்கம்.”

பிறகு ஒன்றுமில்லை.

காற்றாடி சுற்றியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. கதவுக்கு அப்பாலிருந்தவனும் பேசவில்லை. விறாந்தையில் லதீசனும் மூச்சு விடவில்லை. மஞ்சள் கவுன் இல்லை. முன்னால் சாய்ந்து சொன்ன வசனம் இல்லை. அந்த வசனத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் படத்திலிருந்து எடுத்து, அவளுடைய வாயில் வைத்து, அவளுடைய சட்டையையும் போட்டுவிட்டது அவனேதான். எத்தனை நேரம் என்று போனின் முகத்தைப் பார்த்தான். எண்கள் ஓடின. பத்தொன்பது விநாடி.

‘ச்.’ தாள் புரண்டது.

“அவன் ஓடுறான்” என்றாள் கஜந்தினி. மூச்சு முட்டி, சிரித்தாள். அத்தோடு முடிந்தது.

சுஹைரா கண்ணைத் துடைத்தாள். “எனக்கு நேரில வாசிச்ச பாகத்திலயும் இப்பிடித்தான் அண்ணன். எழுத்தில்லாத கட்டம் வந்தா ஒண்டும் சொல்ல மாட்டா. அந்தப் படக்காரங்களுக்கு ஆராவது இந்த ‘ஷ்ஷ்’ஐப் போட்டுக் காட்டியிரிக்கோணும்.” கொஞ்சம் பொறுத்து, “அனுப்பவா?” என்றாள்.

“ஓம்.”

*

வீட்டுக்கு வந்ததும் அவன் அதைப் போட்டுக் கேட்கவில்லை. போனை அலுமாரித் தட்டில் வைத்தான். புத்தகத்தை எடுத்தான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வலப்பக்கமிருந்து திறந்தான். தோள். காது. விரலை நாக்கில் தொட்டுப் புரட்டினான்.

வெள்ளை.

பயம் போகவில்லை. நடிகை எந்தக் கணத்திலும் வாயைத் திறக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணத் தொடங்கினான். ஐந்தில் வெளியே முச்சக்கரவண்டி ஒன்று போனது. ஒன்பதில் ஏதோ வரப்போவது போல இருந்தது, காதுக்குப் பக்கத்தில். ஷ்ஷ் என்றான், வாய்விட்டே. பதினான்கு. பதினெட்டு.

பத்தொன்பது. ஒருவரும் பேசவில்லை.

தாளைப் புரட்டினான். வெளிச்சவீட்டுக்காரன் ஓடிக்கொண்டிருந்தான்.